விளக்கு மாட்டினால் சாலை வண்டி ஆகிவிடுமா?

வாசகர் கேள்விகளுக்கு, பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவின் சேன்-பியேர் பட்டறைக்காரர் பதில் அளிக்கிறார்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. சக்தி வரம்புள்ள ஏ2 மோட்டார்சைக்கிள் உரிமம் வாங்கிவிட்டான். எங்கள் பக்கத்தில் ஒருவர் யமஹா ஒய்.இசட். 250 மோட்டோகிராஸ் வண்டியை விற்கிறார். “முன்விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், கண்ணாடி, நம்பர் பிளேட் எல்லாம் மாட்டிவிட்டேன்; இனிமேல் சாலையில் தாராளமாக ஓட்டலாம்” என்கிறார். மகனும் இணையத்தில் அப்படிச் செய்து காட்டும் வீடியோக்களைக் காட்டுகிறான். முன்பணம் கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, சேன்-ஆந்த்ரே

பதில்: ஒரு யூரோகூடக் கொடுக்க வேண்டாம். முதலில் அவரிடம் கார்த் கிரீஸை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். வண்டியைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு மோட்டார்சைக்கிள் சாலைக்கு வரும் வழக்கமான வழி இது. தயாரிப்பாளர் அந்த மாடலை அதிகாரிகளிடம் காட்டி, புகை, சத்தம், பிரேக், விளக்கு எல்லாவற்றுக்கும் ஒப்புதல் பெற வேண்டும். பிறகு ஒவ்வொரு வண்டியும் தன் பிரேம் எண் குறித்த ஒப்புதல் சான்றிதழோடு தொழிற்சாலையை விட்டு வெளியே வரும். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் கார்த் கிரீஸ். கார்த் கிரீஸ் இருந்தால்தான் நம்பர் பிளேட், சாலைக்கான இன்சூரன்ஸ் எல்லாம். யமஹா ஒய்.இசட்., கேடிஎம் எஸ்.எக்ஸ்., கவாசாகி கே.எக்ஸ்., ஹோண்டா சி.ஆர்.எஃப். 250 ஆர் போன்றவை பந்தயத் திடலுக்கென்றே பிறந்தவை. அவற்றைச் சாலைக்கு விடத் தயாரிப்பாளரே ஒப்புதல் கேட்டதில்லை. ஆகவே நீங்கள் எத்தனை விளக்கு மாட்டினாலும், இல்லாத சான்றிதழ் எங்கிருந்தும் வந்துவிடாது.

உங்கள் மகன் பார்த்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் எடுக்கப்பட்டவையாக இருக்கும். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். அரிசோனா போன்ற சில மாநிலங்களில் விளக்கும் ஹாரனும் பொருத்திப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால் பதிவு கிடைக்கிறது. கலிபோர்னியாவில் அப்படி நடக்காது. அரிசோனாக்காரர் சொல்வது அவருடைய ஊரில் உண்மைதான். சேன்-ஆந்த்ரேயில் அது செல்லாது.

அப்படியானால் அந்த வண்டியில் மாட்டியிருக்கும் பிளேட் யாருடையது? இதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். அது இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, சாலைக்கு வராத வண்டிகளை அரசிடம் அறிவிக்கும்போது கொடுக்கப்படும் அடையாள எண். திருட்டைக் கண்டுபிடிக்கவும் ஓட்டுபவரை அடையாளம் காணவும் ஏற்பட்ட எண் அது. அதைக் கார்த் கிரீஸ் என்று நம்பி ஏமாந்தவர்கள் என் பட்டறைக்கே வந்திருக்கிறார்கள். மற்றொன்று கொடுமையானது: நொறுங்கிப்போன ஓர் எண்டியூரோ வண்டியின் (காட்டுப்பாதைக்கும் சாலைக்கும் ஒப்புதல் பெற்ற வகை) கார்த் கிரீஸை வாங்கி, அதன் எண்ணை இதற்கு மாட்டியிருப்பார்கள். கைப்பிடிக்குக் கீழே, பிரேமின் கழுத்தில் பொறித்திருக்கும் எண்ணை எழுத்து எழுத்தாகக் கார்த் கிரீஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். அது மோசடி வழக்கு. வாங்கியவரும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

ஒப்புதல் இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டினால் 1,500 யூரோ வரை அபராதம். வண்டியைப் பிடித்து வைப்பார்கள், பறிமுதலும் செய்யலாம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்குத் தனியாக 3,750 யூரோ வரை. இவையெல்லாம் கட்டி முடிக்கக்கூடிய தொகைகள். என்னை அச்சுறுத்துவது வேறு. உங்கள் மகன் ஒருவரை இடித்து, அவர் நடக்க முடியாமல் போனால், கட்டாய இன்சூரன்ஸ் உத்தரவாத நிதியம் அவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு, கொடுத்த தொகையை உங்கள் மகனிடம் திருப்பிக் கேட்கும். 19 வயதில் தலையில் ஏறும் அந்தக் கடனை அவன் தலைமுடி நரைக்கும் வரை கட்டிக்கொண்டிருப்பான்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மெக்கானிக்காகவும் சொல்கிறேன். அந்த வண்டிக்குத் தார் ரோடு ஒத்துவராது. அதில் பேட்டரி கிடையாது. உள்ளே இருக்கும் மின்சுருள் (காயில்) ஸ்பார்க் கொடுக்க மட்டுமே போதுமான மின்சாரம் தரும். முன்விளக்கை எரிய வைக்க அந்தச் சுருளையே மாற்றிச் சுற்ற வேண்டும். ரேடியேட்டருக்கு மின்விசிறி இல்லை. சேன்-தெனி கடற்கரைச் சாலையின் காலை நெரிசலில் நின்றால் தண்ணீர் கொதித்து வெளியே வரும். பின்சக்கரக் குடத்தில் அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் கிடையாது. மண்ணில் சக்கரம் சறுக்கி அந்த அதிர்ச்சியை விட்டுவிடும், தாரில் அது நேராகச் சங்கிலிக்கும் கியர்பெட்டிக்கும் போய்ச் சேரும். பிஸ்டன் மாற்றும் கணக்கையே கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள்; ஓடிய மணி நேரத்தில் சொல்வார்கள். டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள்: நெடுஞ்சாலைக்கு உரியதல்ல என்று குறிக்கும் என்.எச்.எஸ். என்ற மூன்று எழுத்துகள் பல மோட்டோகிராஸ் டயர்களில் அச்சாகியிருக்கும். மழையில் நனைந்த வளைவில் அந்த டயர்க் கட்டைகள் சாலையைப் பிடிக்காது.

தனி வண்டிக்கு ஒப்புதல் கேட்கும் வழி ஒன்று உண்டே என்று சிலர் எழுதுகிறார்கள். உண்டு. இங்கே ‘தெயால்’ என்ற அரசு இயக்ககத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் புகைக்கும் சத்தத்துக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தின் அறிக்கையைக் கேட்பார்கள். பந்தயத்துக்காகச் செய்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அதில் தேறும் என்று எண்ணிச் செலவு செய்யாதீர்கள்.

மகனின் ஆசையில் தவறே இல்லை. அவனுக்கு ஏற்ற வண்டி வேறு இருக்கிறது, அவ்வளவுதான். ஹோண்டா சி.ஆர்.எஃப். 300 எல், அல்லது பழைய சுசுகி டி.ஆர்.இசட். 400 எஸ், யமஹா டபிள்யூ.ஆர். 250 ஆர் ஆகியவற்றில் ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். மண்ணிலும் தாரிலும் ஓடுவதற்கென்றே செய்து, முறையான தாள்களோடு விற்கப்பட்டவை. கார்த் கிரீஸில் ‘பி.2’ என்ற கட்டத்தில் கிலோவாட் எழுதியிருக்கும். ஏ2 உரிமத்துக்கு அது 35-ஐத் தாண்டக் கூடாது. விற்பவரிடம் வண்டியின் வரலாற்றைச் சொல்லும் அரசின் ‘ஹிஸ்டோவெக்’ அறிக்கையைக் கேளுங்கள், அது இலவசம். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியென்றால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட தொழில்நுட்பப் பரிசோதனைச் சான்றும் அவர் தர வேண்டும். 2024 ஏப்ரல் 15 முதல் இரு சக்கர வண்டிகளுக்கும் அது வந்துவிட்டது.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. சித்தப்பா கொடுத்த சின்ன மோட்டோகிராஸ் வண்டியைக் கரும்புத் தோட்டத்துப் பாதைகளில் நண்பர்களோடு ஓட்டுகிறான். “அது தனியார் நிலம், ஜாந்தார்ம் போலீஸ் வரமாட்டார்” என்கிறான். தடுத்தால் கோபிக்கிறான்.
– ஒரு தாய், சேன்-லூயி

பதில்: சகோதரி, தடுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

தனியார் நிலம் என்றால் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். அந்தப் பாதையில் அக்கம்பக்கத்தார் நடந்தும் காரிலும் போய் வருகிறார்கள் என்றால், நீதிமன்றம் அதைப் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்த வழி என்றே பார்க்கலாம். காட்டுக்குள்ளும் மலைச்சரிவிலும் பாதையை விட்டு மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது என்று 1991-லேயே சட்டம் வந்துவிட்டது. இதைவிட முக்கியமானது: மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகும் இத்தகைய வண்டியை 18 வயது நிரம்பாதவருக்கு விற்பதும் கொடுப்பதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற விளையாட்டுச் சங்கத்துக்கு விலக்கு உண்டு. சித்தப்பா அன்பாகத்தான் கொடுத்திருப்பார்; ஆனாலும் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மகன் யாருக்காவது காயம் ஏற்படுத்தினால் பணப் பொறுப்பு பெற்றோராகிய உங்களுடையது.

நண்பர்களோடு கூட்டமாகச் சேர்ந்து ஒரு சக்கரத்தில் தூக்கி ஓட்டுவது, வேண்டுமென்றே விதிகளை மீறி மற்றவர்களுக்கு ஆபத்து உண்டாக்குவது என்று போனால், 2018 ஆகஸ்ட் 3-ஆம் தேதிச் சட்டம் இருக்கிறது: ஓராண்டு வரை சிறை, 15,000 யூரோ வரை அபராதம். கூட்டமாகச் செய்தால் அது இரட்டிப்பு.

நீங்கள் கோல் ஆலைப் பக்கம் இருப்பவர்; உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூலையிலிருந்து டிசம்பர் வரை வெட்டு நடக்கும். ‘கஷாலோ’ லாரிகள் கரும்பை மலையாக ஏற்றிக்கொண்டு அந்தப் பாதைகளின் வாயிலிருந்து வெளியே வரும். கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்கும்போது லாரி ஓட்டுநருக்குப் பையனைத் தெரியாது. பையனின் எஞ்சின் சத்தத்தில் அவனுக்கு லாரி கேட்காது. இந்த இரண்டும் ஒரே வளைவில் சந்திக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வெறுமனே தடுத்தால் அவன் ஒளிந்து ஓட்டுவான். மாற்று வழியைக் கையில் கொடுங்கள். 14 வயது நிரம்பியவர்கள், பள்ளியில் தரும் சாலைப் பாதுகாப்புச் சான்றோடு எட்டு மணி நேரப் பயிற்சி முடித்தால் ‘ஏ.எம்.’ உரிமம் பெறலாம். பேட்டா ஆர்.ஆர். 50, டெர்பி செண்டா போன்ற 50 சிசி வண்டிகள் பார்வைக்கு அசல் எண்டியூரோதான். பிளேட்டும் இன்சூரன்ஸும் உண்டு, வேகம் 45-ஐத் தாண்டாது. குதிக்கவும் சேற்றில் விளையாடவும் ஆசையென்றால், பிரெஞ்சு மோட்டார்சைக்கிள் சம்மேளனத்தோடு இணைந்த கிளப்பில் சேருங்கள். அங்கே திடலும் இருக்கும், கற்றுக்கொடுப்பவரும் இருப்பார். வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். திடல் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

கேள்வி: கேடிஎம் 300 இ.எக்ஸ்.சி. எண்டியூரோ வாங்கினேன். கார்த் கிரீஸ் இருக்கிறது. ஆனால் சக்தி குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பட்டறையில் “முழுதாகத் திறந்துவிடுகிறேன்” என்கிறார்கள். செய்யலாமா?
– சேன்-போல் வாசகர்

பதில்: சாலையில் ஓட்டுவதென்றால் செய்யாதீர்கள் தம்பி. நீங்கள் பெற்ற ஒப்புதல், சக்தி குறைத்த அந்த நிலைக்குத்தான். திறந்த பிறகு அது தாளில் உள்ள வண்டி அல்ல. உங்களுக்கு 135 யூரோ அபராதம். செய்துகொடுக்கும் பட்டறைக்காரருக்கு இரண்டாண்டு வரை சிறையும் 30,000 யூரோ வரை அபராதமும். என்னிடம் கேட்பவர்களுக்கும் இதையேதான் சொல்லி அனுப்புகிறேன். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் நிபுணர் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான். முழு சக்தியோடு பந்தயம் ஓட வேண்டுமென்றால் திடலுக்கென்று வேறு வண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் சி.ஆர்.எஃப். 300 எல் வண்டியில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு எரிமலைக்குப் போகலாமா? பிளேன் தே சாப்லில் மண்பாதை என்கிறார்கள். அங்கே பாதையை விட்டு இறங்கி ஓட்டலாமா?
– லெ தாம்போன் வாசகர்

பதில்: தாராளமாகப் போங்கள். உங்கள் வண்டிக்கென்றே போட்ட பாதை அது! பூர்-முராவிலிருந்து ஏறும் காட்டிலாகாச் சாலையில் பிளேன் தே சாப்லில் தார் முடிந்து, எரிமலைக் கற்பொடிப் பாதை தொடங்கும். அது 2,311 மீட்டர் உயரத்தில் பா தெ பெல்கோம்பில் போய் நிற்கும். குழிகள் அதிகம், ஆள் ஏற்றினால் பின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளுங்கள். மனைவிக்கும் ஹெல்மெட்டோடு கையுறை கட்டாயம். மேலே பனியும் குளிரும் இருக்கும், காலையிலேயே கிளம்புங்கள்.

பாதையை விட்டு இறங்கக் கூடாது. அது 2007-இல் அமைந்த தேசியப் பூங்காவின் மையப்பகுதி. 2010 முதல் உலகப் பாரம்பரியச் சொத்து. அந்தக் கற்பொடியில் விழும் டயர் தடம் எளிதில் அழியாது. எங்கள் தீவின் மிக அழகான இடம் அது என்பது என் எண்ணம்.

இன்னொன்று: இதே கேள்வியை இ.எக்ஸ்.சி. வைத்திருப்பவர் கேட்டால் பதில் வேறு. ஐரோப்பிய விதிப்படி எண்டியூரோ வகைக்கு இருக்கை உயரம் 900 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, தரை இடைவெளி 310-க்குக் குறையக் கூடாது, எடை 140 கிலோவைத் தாண்டக் கூடாது, பின்னால் ஆள் உட்கார இடமும் இருக்கக் கூடாது. கார்த் கிரீஸில் ‘எஸ்.1’ கட்டத்தில் 1 என்று இருந்தால் மனைவியைக் காரில்தான் அழைத்துப்போக வேண்டும்.

கேள்வி: புதுச்சேரியில் என் தம்பியிடம் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இருக்கிறது. அங்கே பதிவு பெற்ற வண்டி. கப்பலில் இங்கே கொண்டுவரலாமா?
– லெ போர் வாசகர்

பதில்: வண்டி நல்ல வண்டி; ஆனால் கொண்டுவர வேண்டாம். அங்கே அது பாரத் ஸ்டேஜ் என்ற இந்தியப் புகை விதிப்படி பதிவானது. இங்கே கேட்கும் ஐரோப்பிய ஒப்புதல் சான்றிதழ் இந்தியாவில் விற்ற வண்டிக்கு இருக்காது. மறுபடி ‘தெயால்’ வாசலில்தான் போய் நிற்க வேண்டும். இடப்பக்கம் ஓட்டும் நாட்டு வண்டி என்பதால் முன்விளக்கின் சாய்வையும் பார்ப்பார்கள். கப்பல் கூலி, சுங்கம், கடல் வரி எல்லாம் சேர்த்தால் இங்கேயே தாள் சுத்தமான பழைய வண்டி கிடைத்துவிடும். பக்கத்து மொரீஷியஸிலிருந்து கொண்டுவர நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: மோட்டோகிராஸ் ஹெல்மெட் போட்டுச் சாலையில் ஓட்டலாமா?
– லெ தாம்போன் மாணவர்

பதில்: ஓட்டலாம். உள்ளே, தாடைப் பட்டையில் தைத்திருக்கும் துணிச்சீட்டைப் பாருங்கள். வட்டத்துக்குள் ‘இ’ என்ற இலத்தீன் எழுத்தும், அதன் கீழே 05 அல்லது 06 என்று தொடங்கும் எண்ணும் இருந்தால் சரி. அமெரிக்க முத்திரை மட்டும் இருந்தால் இங்கே செல்லாது. ஒளி பிரதிபலிக்கும் ஒட்டிகளை முன்னும் பின்னும் இரு பக்கமும் ஒட்டிக்கொள்ளுங்கள். பட்டையை இறுக்கிக் கட்டுங்கள்.