குதிரை முதுகில் தடிப்பு: எந்த சேடில் பேட் வாங்குவது?

கேள்வி: அக்கா, ரேஸ் ஓடி ஓய்வு பெற்ற தரோபிரெட் என்ற பந்தய இனப் பெண் குதிரை ஒன்றைப் போன வருடம் வாங்கினேன். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு சேணத்தைக் கழற்றினால் முதுகில் பொடிப்பொடியாகத் தடிப்பு, சில இடங்களில் முடியும் கொட்டுகிறது. சேணத்துக்கு அடியில், ஆன்லைனில் வாங்கிய ‘பியூர் காட்டன்’ பேட்தான் போடுகிறேன். கம்பளியோடு கூடிய ஆட்டுத்தோல் பேட் போடச் சொல்கிறார் ஒருவர், ஜெல் பேட் என்கிறார் இன்னொருவர். எதை வாங்கட்டும்? (கோவை வாசகர்)

பதில்: தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் சேணத்தைக் கழற்றிய கையோடு முதுகை விரலால் தடவிப் பாருங்கள், தடிப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். பேட் படுகிற இடம் முழுக்கப் பரவலாக இருந்தால் துணி மேலோ சோப்பு மேலோ சந்தேகப்படலாம். பிடரி முடிகிற மேட்டுக்கு இரண்டு பக்கமும், அதுவும் தினமும் அதே இடத்தில் வந்தால் சேணம் அழுத்துகிறது. வியர்வையில் முதுகே நனைந்திருக்க, உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் மட்டும் உலர்ந்து கிடந்தாலும் அழுத்தம்தான் காரணமாக இருக்கும், அதை அப்படியே விட்டால் பின்னால் அந்த இடத்தில் வெள்ளை முடி முளைக்கும். பக்கு உரியும்போது ஒரு கொத்து முடியோடு சேர்ந்து வந்தாலோ, வட்ட வட்டமாக முடி உதிர்ந்திருந்தாலோ அது கிருமியோ படர்தாமரையோ ஆக இருக்கலாம், அதற்கு எந்த பேடும் மருந்தாகாது. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் தோலைச் சுரண்டிப் பார்த்துச் சொல்வார். படர்தாமரை உங்கள் கைக்கும் ஒட்டும், அதையும் நினைவில் வையுங்கள்.

சேணம் அழுத்துகிறது என்று தெரிந்தால் தடிமனான பேட் வாங்கிப் போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். செருப்பு கடிக்கிற காலில் சாக்ஸையும் மாட்டி உள்ளே திணித்தால் என்ன ஆகும்? அதேதான். சேணத்தைப் பொருத்தத் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அந்தச் செலவு வீண் போகாது.

அப்புறம் சோப்பு. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் குதிரைக்கும் இப்படித்தான் வந்தது, துணியைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு பேட் மாற்றினேன், தடிப்பு போகவில்லை. ஒரு நாள் துவைத்துக் காய்ந்த பேடை ஒரு வாளி சுத்தமான தண்ணீரில் அமுக்கிப் பிசைந்தேன், புதிதாகச் சோப்பு போட்ட மாதிரி வெள்ளையாக நுரை பொங்கியது. உள்ளே இருக்கிற பஞ்சு சோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது, குதிரை வியர்த்ததும் அது கரைந்து தோலில் இறங்கியிருக்கிறது. அன்றிலிருந்து வாசனை இல்லாத சோப்பை வழக்கத்தில் பாதி அளவுதான் போடுகிறேன், நுரை வராத வரைக்கும் அலசுகிறேன், துணியை மென்மையாக்குகிற கம்ஃபர்ட் மாதிரியான திரவங்களைப் பக்கத்திலேயே விடுவதில்லை. பத்து நாளில் முதுகு தெளிந்தது. ஓட்டி முடித்ததும் பேடின் அடியில் வருகிற நுரையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். குதிரை வியர்வையில் லாதரின் என்று ஒரு புரதம் இருக்கிறது, உராய்ந்தால் அது நுரைக்கும். ஆனால் அந்த வியர்வையில் உப்பும் அதிகம், காய்ந்தால் பேட் உப்புக் காகிதம் மாதிரி விறைத்துப்போகும். அதனால் ஓட்டியதும் முதுகை வெறும் தண்ணீரால் கழுவிவிடுங்கள், அதே பேடை மறுநாள் துவைக்காமல் போடாதீர்கள்.

உங்கள் ‘பியூர் காட்டன்’ பற்றி ஒன்று. பல பேடுகளில் மேல்துணி மட்டும்தான் பருத்தி, உள்ளே பாலியஸ்டர் பஞ்சோ ஃபோமோ இருக்கும், ஓரப்பட்டை நைலான். அடிப்பக்கத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, லாயத்துக்கு வெளியே வைக்கோல் இல்லாத இடத்தில் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். கம்பளி முடி பொசுங்கின நாற்றம் அடித்துச் சீக்கிரம் அணைந்துவிடும். ‘ஆட்டுத்தோல்’ என்று விற்கிற பலவும் செயற்கை இழைதான், அதையும் இந்தச் சோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். அசல் ஆட்டுத்தோல் அருமையான பொருள், கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் ஈரமாகவே தெரியாது. ஆனால் நம் மழைக்காலத்தில் அது காய நாளாகும், காய்வதற்குள் பூஞ்சை பிடிக்கும், என்சைம் கலந்த சலவைத்தூள் பட்டால் கம்பளியே சேதமாகும். ஜெல்லும், நியோபிரீன் என்கிற செயற்கை ரப்பரும் காற்றை விடாது, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நியோபிரீனில் ரப்பருக்குச் சேர்க்கிற ரசாயனம் சில குதிரைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, மெல்லிய தோல் உள்ள குதிரைக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். அடியில் மெத்தை வைத்துத் தைத்த சாதாரணப் பருத்தி பேட், சாயம் ஏறாத வெள்ளை, இதுதான் உங்களுக்கு என் யோசனை. ஒரு நல்ல ஆட்டுத்தோல் பேடுக்குக் கொடுக்கிற பணத்தில் இதில் மூன்று வாங்கி மாற்றி மாற்றிப் போடலாம், குதிரைச் சாமான்களுக்குப் பேர்போன கான்பூரிலிருந்து வருகிற பேடுகளில் இது தாராளமாகக் கிடைக்கும்.

வாங்கும்போது விலையை விடத் தையலைப் பாருங்கள். முதுகெலும்பு போகிற நடுக்கோடு நேராக இருக்கக் கூடாது, பிடரிப் பக்கம் மேலே வளைந்து போக வேண்டும். நேராக இருந்தால் ஓட்ட ஓட்டத் துணி கீழே இழுத்துக்கொண்டு முதுகெலும்பு மேல் இறுகும். பேடின் ஓரம் சேணத்தின் அடியில் மாட்டாமல் சுற்றிலும் இரண்டு மூன்று விரல் வெளியே தெரிய வேண்டும். ஓரப்பட்டையை உங்கள் முழங்கையின் உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள், அங்கே குத்தினால் குதிரைக்கும் குத்தும். வயிற்று வாரைக் கட்டுவதற்கு முன்னால் பேடை நடுவில் தூக்கி, சேணத்தின் அடியில் முதுகெலும்புக்கு மேலே இருக்கிற குழிக்குள் ஏற்றிவிடுங்கள்.

துணிதான் காரணமா என்று இன்னும் சந்தேகம் இருந்தால், தடிப்பு ஆறின பிறகு, துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டி ஒன்றை நன்றாக அலசி, பேடின் அடிப்பக்கம் சுருக்கம் இல்லாமல் தைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். தடிப்பு வராவிட்டால் பேடை மாற்றுங்கள். அதே இடத்தில் மறுபடி வந்தால் சேணம்தான்.

கேள்வி: நூலைக் கொளுத்திப் பார்த்தேன், உருகியது. விற்றவர் ‘திறந்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார். என்ன செய்வது?

பதில்: சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்று ஆன்லைன் விற்பனையாளர் சொல்லக் கூடாது. 2020-இல் வந்த மின்வணிக விதிகள் அதைத்தான் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தை மாற்றிவிடுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில், உருகிய நூலின் படம் எல்லாம் சேர்த்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: எங்கள் லாயத்தில் நான்கு குதிரைக்கும் ஒரே பேட்தான். பரவாயில்லையா?

பதில்: கூடாது. படர்தாமரை பரவுவதே இப்படித்தான். ஒவ்வொரு பேடின் ஓரத்திலும் அந்தந்தக் குதிரையின் பெயரை அழியாத மார்க்கரில் எழுதிவிடுங்கள், பிரஷ்ஷுக்கும் அப்படியே.