கையெழுத்துப் போடும் முன் புகார்ப் பக்கத்தைப் புரட்டுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். 17 வயது மகள் வெல்டிங் பயிற்சியில் சேர ஆசைப்படுகிறாள். நிலையத்தார் விண்ணப்பத்தோடு சமத்துவம், நடத்தை, பாதுகாப்பு என்று மூன்று கொள்கை ஆவணங்களைக் கொடுத்து, உங்கள் கையெழுத்தையும் அவள் கையெழுத்தையும் கேட்கிறார்கள். “எல்லா இடத்திலும் கொடுக்கிற காகிதம்தானே, போட்டுக் கொடு” என்கிறார் வீட்டுக்காரர். உங்களுக்கோ, இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்களே, அங்கே ஏற்கெனவே ஏதாவது நடந்திருக்குமோ என்று பயம்.

முதலில் அந்தப் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எழுதிக் கொடுத்திருப்பது நல்ல அறிகுறிதான். மதிப்பெண், சான்றிதழ், வேலைக்கான சிபாரிசு எல்லாம் பயிற்றுநர் கையில் இருக்கின்றன. அந்த அதிகாரம் எதுவரை செல்லும் என்று ஒரு வரிகூட எழுதாத நிலையமாக இருந்திருந்தால் நான் இன்னும் அதிகமாகக் கவலைப்பட்டிருப்பேன். அதற்காக, காகிதம் இருக்கிறது, போதும் என்று விட்டுவிடாதீர்கள். ‘யாரையும் பாகுபடுத்த மாட்டோம்’, ‘துன்புறுத்தலைச் சகிக்க மாட்டோம்’ என்று எழுதுவதற்கு யாருக்கும் செலவில்லை. நீங்கள் தேட வேண்டியது ஆளும் நாளும். புகார் சொன்னால் யார் கேட்பார், எத்தனை நாளுக்குள் பதில் வரும்? இந்த இரண்டும் தெளிவாக இருந்தால், அந்த நிலையத்தார் இதை யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம்.

அதனால் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். நேராகப் புகார்ப் பகுதிக்குப் போங்கள். ‘புகார்களை நிர்வாகத்திடம் தெரிவிக்கலாம்’ என்று மட்டும் இருக்கிறதா? நிர்வாகம் என்றால் யார் என்று கேளுங்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் ஆவணத்தில் இருக்க வேண்டும், பட்டறைச் சுவரிலும் ஒட்டியிருக்க வேண்டும். அடுத்து, பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி: புகாரே அந்த நபர் மீதோ நிலையத்தின் தலைவர் மீதோ என்றால் எங்கே போவது? வெளியில் யாரிடமாவது போக ஒரு வழி எழுதியிருக்கிறதா? புகார் கொடுத்த மாணவியின் மதிப்பெண்ணிலோ பயிற்சி நேரத்திலோ கை வைக்க மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்களா? இந்த வரி இல்லாவிட்டால், எத்தனை நல்ல வரிகள் இருந்தாலும் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் ஏற்றுக்கொண்ட 190ஆவது உடன்படிக்கை, வேலையிடத்து வன்முறையிலிருந்தும் துன்புறுத்தலிலிருந்தும் காக்கப்பட வேண்டியவர்களில் பயிற்சி பெறுபவர்களையும் தொழில் பழகுநர்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பயிற்சி, பயணம், வேலை வழங்குபவர் தரும் தங்குமிடம், வேலை தொடர்பான செல்போன் செய்திகள் எல்லாமே அதில் அடங்கும். உங்கள் மகளுக்கு இன்னும் 18 ஆகவில்லை. ஆகவே 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் அவளுக்குப் பொருந்தும். தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் தன் கருத்தைச் சொல்லவும், அதற்கு உரிய மதிப்புக் கிடைக்கவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12ஆவது பிரிவு. எனவே நிலையத்தாரைப் பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிப் போங்கள். கேள்விகளில் பாதியை அவளே கேட்கட்டும்.

நடத்தை விதிகளில் மாணவர்கள் என்ன செய்யக் கூடாது என்பது பக்கம் பக்கமாக இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது பயிற்றுநர்களுக்கு என்ன விதி என்பதை. மாணவியின் தனிப்பட்ட எண்ணுக்கு ராத்திரியில் வாட்ஸ்அப் அனுப்பலாமா? கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசலாமா? தன் வண்டியில் தனியாக ஏற்றிப் போகலாமா? வெல்டிங்கில் கை பிடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டிய இடங்கள் உண்டு. டார்ச்சை, அதாவது வெல்டிங் செய்யக் கையில் பிடிக்கும் கருவியை, பிடிக்கும் கோணம் அப்படித்தான் வரும். நல்ல பயிற்றுநர், “கையைத் தொட்டுக் காட்டட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார், மற்றவர்கள் பார்வையில் படும் இடத்தில் நின்றுதான் காட்டுவார். இது எழுத்திலேயே இருந்தால் பிள்ளைக்கும் நல்லது, பயிற்றுநருக்கும் நல்லது.

சமத்துவம் என்ற தலைப்பில் அழகான வாக்கியங்கள்தான் அதிகம் இருக்கும். அதைக் காகிதத்தில் தேடுவதைவிடப் பட்டறையில் போய்ப் பார்ப்பது மேல். வகுப்பு நடக்கும் நேரத்தில் அனுமதி கேட்டு அரை மணி நேரம் நில்லுங்கள். மெஷின் முன்னால் யார் நிற்கிறார்கள், பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு யார் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் ரெஜிஸ்டர் எழுதவும் கம்பி எடுத்துக் கொடுக்கவும் மட்டும் விடுவது வெளியில் தெரியாத பாகுபாடு. வருகைப்பதிவில் அவள் பெயர் இருக்கும், கையில் தொழில் இருக்காது. அப்புறம் கையுறைகளை எடுத்துப் பாருங்கள். எல்லாமே பெரிய அளவில் மட்டும் இருந்தால், சின்னக் கை உள்ளவருக்கு டார்ச் பிடி நழுவும். பிறகு ‘இவளுக்கு இந்த வேலை வராது’ என்ற பேச்சு வரும். பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். காது கேட்பதிலோ பார்வையிலோ குறை உள்ள மாணவர்களுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதே பாகுபாடுதான் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை சொல்கிறது. உங்கள் மகளுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு அவர்கள் முகம் கொடுக்கும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

பட்டறைப் பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெல்டிங் ஒளியை வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தும். அதனால் வெல்டிங் செய்பவருக்கு முகக்கவசம் மட்டும் போதாது, பக்கத்தில் நடமாடுபவர்களுக்காகத் தடுப்புத் திரையும் வேண்டும். புகை வெளியேற வழி, தீயணைப்பான், எட்டும் தூரத்தில் முதலுதவிப் பெட்டி, இவற்றையும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். தோல் கையுறை வெல்டிங்கிற்குக் கட்டாயம். அதே கையுறையோடு லேத் (கடைசல் இயந்திரம்) பக்கம் போனால், சுழலும் பாகத்தில் மாட்டிக் கையையே இழுத்துவிடும். இந்த வித்தியாசத்தை முதல் நாளே சொல்லித் தருகிறார்களா என்று பழைய மாணவர் யாரையாவது விசாரியுங்கள். ஆபத்தான வேலைக்கு 18 வயது என்பதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138ஆவது உடன்படிக்கை (1973) வைக்கும் பொது வரம்பு. 16 முதல் என்று ஒரு நாடு அனுமதித்தாலும், முழுப் பாதுகாப்பும் அந்தத் தொழிலுக்கான முறையான பயிற்சியும் வேண்டும் என்பது நிபந்தனை. எனவே “பார்த்துப் பார்த்துக் கத்துக்குவா” என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

இனி உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. பட்டறையில் ஏதாவது தவறாக நடந்தால் மகள் உங்களிடம் சொல்வாளா? பல பிள்ளைகள் சொல்வதில்லை. சொன்னால் பயிற்சியையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம்தான் அதற்குப் பெரிய காரணம். தப்பு செய்தவர் ஒருவர், படிப்பை இழப்பது இவள் என்று ஆகிவிடுமே என்று விழுங்கிக்கொள்வார்கள். அதனால் சேரும் முன்பே நீங்களும் அவள் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து அவளிடம் சொல்லுங்கள்: “எது நடந்தாலும் உன் படிப்பை நிறுத்த மாட்டோம். என்ன செய்வது என்று மூணு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுவோம்.” வாக்குக் கொடுத்தால் அதைக் காப்பாற்ற வேண்டும், அம்மா. முதலில் அவள் சொல்லும் சின்ன விஷயத்துக்கு நீங்கள் பதறினால், பெரிய விஷயம் உங்கள் காதுக்கு வராமலே போய்விடும்.

ஏதாவது நடந்தால் தேதி, இடம், அங்கே இருந்தவர்கள், பேசிய வார்த்தைகள் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வைக்கச் சொல்லுங்கள். செல்போன் செய்திகளை அழிக்க வேண்டாம். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று தோன்றும் வேலையிலிருந்து விலகி நிற்கலாம், அதற்காகத் திட்டு வாங்கத் தேவையில்லை என்பதும் அவளுக்குத் தெரியட்டும்.

கட்டணத்தைக் கட்டும் முன் நிலையத்துக்குப் போய் இவற்றைக் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டால் மூன்று ஆவணங்களின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நகல் மகளிடமே இருக்கட்டும். புகார்ப் பகுதியில் ஆளோ நாளோ இல்லையென்றால், அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அவர்களிடம் என்ன கேட்டு எழுதுவது என்று நானே உங்களுக்கு வரைந்து தருகிறேன்.