நசுக்கினால் வெப்பமானியும் பொய் சொல்லும்

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் அங் மோ கியோவில் பேசி முடிக்கும்போதே அறையைப் பூட்ட ஆள் வந்து நின்றுவிட்டார். துண்டுச் சீட்டில் கேள்வி எழுதித் தந்தவர்களுக்கான பதில்கள் இவை. அன்று வராதவர்களுக்கு ஒரு வரி: இரண்டு வைர முனைகளுக்கு நடுவே ஒரு பொருளை வைத்து நசுக்கி, அது எவ்வளவு சூடாக இருக்கிறது, சூட்டை எப்படிக் கடத்துகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

கடைசியில் இது பிரஷர் குக்கர்தானே தம்பி? (யீஷூன் அக்கா ஒருவர்)

குடும்பம் ஒன்றுதான் அக்கா. குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே சுமார் 2 வளிமண்டல அழுத்தம், 120 டிகிரி சூடு. நாங்கள் சாதாரணமாகப் போவது 10 ஜிகாபாஸ்கல், அதாவது ஏறக்குறைய ஒரு லட்சம் வளிமண்டலம். விசில் கிடையாது; எல்லை மீறினால் வைரம் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான். தண்ணீரை அறைச் சூட்டிலேயே 1 ஜிகாபாஸ்கல் அளவுக்கு அழுத்தினால் ஐஸ் ஆகிவிடும். நம்மூர் மத்தியான வெயிலிலும் உருகாத ஐஸ்!

உள்ளே ஒரு தெர்மோகப்பிளை விட்டால் வேலை முடிந்ததே, சார்? (பாலிடெக்னிக் மாணவர்)

நானும் முதல் வாரம் இதைத்தான் கேட்டேன் தம்பி. (தெர்மோகப்பிள் என்பது இரு வேறு உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்து, பிறக்கும் மின்னழுத்தத்தை வைத்துச் சூட்டைச் சொல்லும் வெப்பமானி.) முதல் தடை இடம். மாதிரியை, அதாவது நசுக்கும் பொருளை, வைக்கும் குழியின் அகலம் 0.1 மில்லிமீட்டர், ஆழம் அதில் பாதிகூட இல்லை. தலைமுடி அளவுக் கம்பியே அதை அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது தடைதான் மோசம். இரு கம்பிகளும் சேரும் முனையில்தான் மின்னழுத்தம் பிறப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கம்பி நெடுக எங்கெங்கே சூடு ஏறி இறங்குகிறதோ, அங்கேதான் பிறக்கிறது. அந்த இடத்தில் கம்பி நசுங்கியிருந்தால் அளவும் மாறிவிடும். பெரிய பிரஸ்களில் டங்ஸ்டன்-ரேனியம் கம்பியை உள்ளே விடுகிறார்கள், உண்மைதான். ஆனால் ‘அழுத்தத் திருத்தம் செய்யவில்லை’ என்று கட்டுரையின் மூலையில் ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது அந்த உலகத்தின் பழைய வழக்கம். எனக்கு அது உறுத்தும்.

நாங்கள் வைரங்களைத் தாங்கும் கலம் முழுவதையும் சூடேற்றும்போது தெர்மோகப்பிளை வைரத்தின் வெளிப்பக்கத்தில் ஒட்டுகிறோம். வைரம் செம்பைவிட ஐந்து மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். அதனால் உள்ளும் வெளியும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் நிற்கும். லேசரால் 2,000, 3,000 கெல்வினுக்கு ஏற்றும்போது இந்த வித்தை செல்லாது. அப்போது மாதிரி விடும் ஒளியை, எந்தச் சூட்டில் எந்த நிறம் எவ்வளவு ஒளிரும் என்று காட்டும் பிளாங்க் வளைவோடு பொருத்திப் படிக்க வேண்டும். கொல்லர் இரும்பின் சிவப்பைப் பார்த்துப் பதம் சொல்வாரே, அதேதான்.

எங்கள் ஆலைக் குழாயில் 200 பார் ஓடுகிறது. எங்கள் ரீடிங்கும் பொய்யா? (ஜூரோங் தீவில் பராமரிப்பு வேலை)

கவலை வேண்டாம் அண்ணே. 200 பார் என்பது 0.02 ஜிகாபாஸ்கல்தான். போதாததற்கு உங்கள் கம்பி தெர்மோவெல் என்ற காப்புக் குழாய்க்குள் பத்திரமாக இருக்கிறது; அழுத்தம் அதைத் தொடுவதே இல்லை. தெர்மோவெல் நீளம் போதாமல் சூடு அதன் வழியே வெளியே ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாணிக்கத்தை வைத்து அழுத்தத்தை அளப்பதாகச் சொன்னீர்கள். சூட்டிலும் அதன் ஒளி மாறாதா? (பள்ளி ஆசிரியை)

டீச்சர், சரியாகப் பிடித்துவிட்டீர்கள். மாணிக்கத் துணுக்கின் மேல் பச்சை லேசர் பட்டால் 694 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும். ஒரு ஜிகாபாஸ்கலுக்கு அந்தக் கோடு, அதாவது நிறமாலையில் அந்த ஒளி விழும் இடம், 0.365 நானோமீட்டர் நகரும். ஒரு டிகிரி சூட்டுக்கும் 0.007 அளவு, அதே திசையில் நகரும். கணக்குப் போட்டால் 50 டிகிரி சூடு ஒரு ஜிகாபாஸ்கல் போல வேஷம் போடும்.

வேலைக்கு வந்த புதிதில் நான் ஏமாந்தது இதில்தான். இரவு பதினொரு மணி. கலத்தை 150 டிகிரி ஏற்றினேன். கோடு ஒரு நானோமீட்டருக்கு மேல் நகர்ந்தது. அழுத்தும் திருகைத் தொடாமலே 3 ஜிகாபாஸ்கல் ஏறிவிட்டதென்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். மறுநாள் மூத்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, “ஆற விட்டுப் பாரு” என்றார். ஆறியதும் கோடு பழைய இடத்துக்கே வந்து நின்றது. இப்போது சமாரியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் போரேட் துணுக்கு ஒன்றையும் பக்கத்தில் வைக்கிறேன். அதன் கோடு அழுத்தத்துக்கு நகரும், சூட்டுக்கு அநேகமாக அசையாது. ஒன்று அழுத்தத்தைச் சொன்னால், மற்றதிலிருந்து சூட்டைக் கழித்து எடுக்கலாம்.

தூசி அளவுப் பொருளில் வெப்பம் ஓடுவதை எப்படி அளப்பது? (ஜூனியர் காலேஜ் மாணவி)

மாதிரியின் மேல் 80 நானோமீட்டர் தடிமனில் அலுமினியம் பூசுவோம்மா. ஒரு லேசர் துடிப்பு அதைச் சுடும். சற்றுப் பின்னால் வரும் இன்னொன்று அது எவ்வளவு ஆறியிருக்கிறது என்று பார்க்கும். சூடான அலுமினியம் ஒளியைத் திருப்பும் அளவு டிகிரிக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போல மாறும், அதைத்தான் பிடிக்கிறோம். சீக்கிரம் ஆறினால் அடியில் இருப்பது நல்ல கடத்தி. மாதிரியைச் சுற்றி நிரப்பும் அழுத்த ஊடகமும் மேல்பக்கம் கொஞ்சம் சூட்டைத் திருடும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அழுத்தினால் பெரும்பாலான பொருள்கள் இன்னும் நன்றாகக் கடத்தும், அணுப் பிணைப்புகள் விறைப்பாவதால். போரான் ஆர்சனைடோ அடம் பிடித்து எதிர்த்திசையில் போவதாக 2022இல் அளந்து காட்டினார்கள்.

பூமி மையத்து இரும்பு பற்றி இரண்டு விடைகள் என்றீர்களே? (பெயர் எழுதவில்லை)

2016இல் ‘நேச்சர்’ ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள். ஒரு குழு மின்தடையை அளந்து, அதிலிருந்து வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 90 வாட் என்றது. மற்றது லேசர் துடிப்பின் சூடு இரும்புத் தகட்டைக் கடக்கும் நேரத்தைப் பார்த்து 18 முதல் 44 என்றது. முதலாவது சரியென்றால் பூமியின் திட உள்மையம் இளசு. இரண்டாவது சரியென்றால் கிழம்.

துடிப்பு முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. கணக்கில் தகட்டின் தடிமன் வர்க்கமாக (தன்னாலேயே பெருக்கி) வரும். சில மைக்ரான் தகடு, அதுவும் நசுங்கியபின். தடிமனை 20 சதவீதம் கூட்டி எடுத்தால் விடை 44 சதவீதம் எகிறும். மின்தடை முறைக்கும் தன் பங்குக்கு ஒரு கண்ணி: மின்தடையிலிருந்து வெப்பக் கடத்துதிறனுக்குப் போக, இரண்டையும் இணைக்கும் ஒரு விதியை அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் அப்படியே நம்ப வேண்டும். யாராவது ஒரே தகட்டில் இரண்டையும் அளக்கும்வரை நான் எந்தப் பக்கமும் சாயப்போவதில்லை.

உடைந்த வைரத்தை என்ன செய்வீர்கள்? மோதிரத்துக்கு ஆகுமா? (தேக்கா பக்கத்திலிருந்து ஒருவர்)

பெரிதாக உடையவில்லையென்றால் முனையைத் தேய்த்து மறுபடி பயன்படுத்துவோம். மோதிரத்துக்கு ஆகாது. எங்களிடம் இருப்பவை மஞ்சளடித்த கற்கள். வீட்டில் காட்டினேன், “இதுக்கா இவ்வளவு பேச்சு” என்றுதான் கேட்டார்கள்.