1500 மீட்டர் ஓட்டத்தில் முழங்கை பட்டாலே தகுதி நீக்கம் செய்துவிடுவார்களா?

பட்டதற்கெல்லாம் நீக்கினால் ஒரு பந்தயமும் நடக்காது. 100 மீட்டரில் ஆளுக்கொரு லேன் (தனி ஓடுபாதை). 800-இல் முதல் வளைவு வரைதான் அந்த வசதி. 1500-இல் முதல் அடியிலிருந்தே பத்துப் பன்னிரண்டு பேரும் ஒரே உள்கோட்டுக்குப் பாய்வார்கள். ஒரு லேன் தள்ளி ஓடினால் சுற்றுக்கு 7 மீட்டருக்கு மேல் கூடுதல், யார் விட்டுக்கொடுப்பார்கள்? இடித்ததில் அடுத்தவரின் ஓட்டம் கெட்டதா, அடிபட்டதா என்பதைத்தான் நடுவர் பார்ப்பார்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறேன். போன வருடம் ஒரு கிளப் போட்டியில், மூன்றாவது சுற்றில், உள்கோட்டை ஒட்டி முன்னால் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் என்று மாட்டிக்கொண்டேன். முன்னவர் சட்டென்று வேகம் குறைக்க, என் ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) அவர் குதிகாலில் பட்டது. அவ்வளவுதான், குப்புற விழுந்தேன். முட்டித் தோல் ட்ராக்கோடு போயிற்று. கோபத்தில் வெளியே வந்து முறையிட்டால், நடுவர் கேட்டது ஒன்றுதான்: "ஓடி முடித்தீர்களா?" தள்ளிவிடப்பட்டவருக்கு அடுத்த சுற்றில் இடமோ மறு ஓட்டமோ தர விதியில் வழியுண்டு. ஆனால் பொதுவாக அவர் முடிந்தவரை ஓடி முடித்திருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது.

சாட்ஸ்வொர்த்தில் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் புலம்பினேன். "மேரி டெக்கர் மாதிரி அழுவுறியே தம்பி" என்றார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக், பெண்கள் 3000 மீட்டர். எங்கள் நாட்டு ப்ளூம்ஃபோன்டைனில் பிறந்து பிரிட்டனுக்காக வெறுங்காலில் ஓடிய ஸோலா பட் முன்னே, அமெரிக்காவின் டெக்கர் உள்பக்கம் ஒட்டிப் பின்னே. கால்கள் பின்னிக்கொண்டன. டெக்கரின் ஸ்பைக்ஸ் கிழித்ததில் ஸோலாவின் காலில் ரத்தம். டெக்கர் புல்தரையில் விழுந்தார். ஸோலாவை முதலில் நீக்கி, படச்சுருளைப் பார்த்தபின் திரும்பச் சேர்த்தார்கள். அவருக்கு ஏழாவது இடம். கூட்டத்துக்குள் ஓடிப் பழக்கமில்லாததால்தான் விழுந்தேன் என்று டெக்கரே பின்னாளில் சொல்லிவிட்டார். (இங்கே மினிபஸ் டாக்சிகளுக்கு ஸோலா பட் என்றே பட்டப்பெயர் இருந்தது. அவை சந்தில் நுழையும் லட்சணம் அப்படி!)

முன்னால் ஓடுபவருக்கு முதுகில் கண் கிடையாது. அவர் காலைப் பார்க்க முடிவது பின்னால் வருபவருக்குத்தான். என் விஷயத்திலும் அதுதான் நடந்தது, ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாளாயிற்று.

இப்போது யாருக்கும் நேர் பின்னால் ஓடுவதில்லை. முன்னவரின் வலத்தோளுக்குச் சற்று வெளியே நிற்கிறேன். மோதப்போகிறோம் என்றால் அவர் முதுகில் லேசாகக் கை வைத்துக்கொள்வேன். தள்ளாத வரை யாரும் கோபிப்பதில்லை. அப்புறம், போன மாதம் ஒன்பதாவதாக வந்தேன். முட்டி இரண்டும் பத்திரம்.