ஒரே டாக்டர் மேல் இரண்டாவது முறை கேஸ் போட முடியுமா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: டாக்டர் மேல் நுகர்வோர் கோர்ட்டில் போட்ட கேஸ் முடிந்துவிட்டது, அதில் திருப்தி இல்லை. அதே டாக்டர் மேல் மறுபடி போடலாமா, இத்தனை முறைதான் என்று சட்டத்தில் வரம்பு இருக்கிறதா?

2020-இல் இதே கேள்வியோடு நான் மூன்று வக்கீல் ஆபீஸ் ஏறி இறங்கியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

எண்ணிக்கைக்கு வரம்பு எதுவும் இல்லை. அதே டாக்டர் வேறொரு சிகிச்சையில் வேறொரு தவறு செய்தால் அது புது வழக்கு, தாராளமாகப் போடலாம். ஆனால் அதே சிகிச்சை, அதே தவறு, இரண்டு தரப்பையும் விசாரித்துத் தீர்ப்பும் வந்துவிட்டது என்றால் அதோடு முடிந்தது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்வது இதைத்தான், கோர்ட்டில் ரெஸ் ஜுடிகேட்டா என்பார்கள். அதே சட்டத்தில் ஆர்டர் 2 ரூல் 2 என்று இன்னொன்று இருக்கிறது. ஒரு சம்பவத்துக்காக என்னென்ன கேட்க உரிமை இருக்கிறதோ அத்தனையையும் ஒரே வழக்கில் கேட்டுவிட வேண்டும், விட்டதைப் பிறகு தனியாகக் கேட்க முடியாது. எங்களை அடித்தது அதுதான்.

2016 பிப்ரவரியில் அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. எங்கள் ஊர் தனியார் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். தையல் பிரித்த பிறகும் காயத்தில் நீர் கசிந்துகொண்டே இருந்தது. மூன்று முறை கூட்டிப் போனேன். மூன்று முறையும் டாக்டர் “ஈரம் படாம பாத்துக்குங்கம்மா, சரியாயிடும்” என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். கசிவை எடுத்து என்ன கிருமி என்று கல்ச்சர் டெஸ்ட்டுக்கு ஒரு தடவைகூட அனுப்பவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனபோது எலும்பு வரைக்கும் தொற்று இறங்கியிருந்தது. பிளேட்டை எடுத்து, ஆறு வாரம் ஊசி போட்டு, கையைக் காப்பாற்றினார்கள். காப்பாற்றியவரும் டாக்டர்தான். அதனால் ‘டாக்டர்களைக் குறை சொல்ல வந்துவிட்டான்’ என்று யாரும் தயவுசெய்து ஆரம்பிக்க வேண்டாம்.

மொத்தச் செலவு 1,86,000 ரூபாய். 2017-இல் புகார் மனு தயாரித்தபோது வக்கீல் என்னென்ன கேட்கலாம் என்றார். அம்மா முந்திக்கொண்டார். “நம்ம செலவு பண்ணுனது வந்தா போதுங்க, அதுக்கு மேல வேண்டாம்.” எனக்கும் அது நியாயமாகப் பட்டது. செலவும் மன உளைச்சலுக்கு ஒரு சிறு தொகையும் கேட்டோம். அம்மா ஜாக்கெட் தைத்துத்தான் எங்கள் இருவரையும் படிக்க வைத்தவர். அந்தக் கை போனதால் நின்ற வருமானம், இனி வரப்போகும் சிகிச்சைச் செலவு இரண்டையும் மனுவில் எழுதவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2018-இல் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அங்கே என் சித்தப்பா, பத்துப் பேர் நடுவில், “டாக்டர்கிட்ட காசு பிடுங்கப் பாக்குறாங்க, நாளைக்கு இவங்களுக்கு எவன் வைத்தியம் பார்ப்பான்” என்றார். கட்டுப் போட்ட நாள் முதல் ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் வராதவர். அம்மா பந்தியில் இடது கையால் சாப்பிட வெட்கப்பட்டு, சாப்பிடாமலே எழுந்து வந்தார். கேட்க வேண்டியதைக்கூடக் கேட்காமல் விட்டவர்களுக்குப் பேராசைக்காரர்கள் என்ற பெயர். அந்த வீட்டுக்கு இன்றுவரை நான் போகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2019-இல் எங்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. கல்ச்சர் செய்யாதது சேவைக் குறைபாடுதான் என்று எழுதி, கேட்டதை ஏறக்குறைய முழுசாகக் கொடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து அம்மாவால் கத்தரிக்கோல் பிடிக்கவே முடியவில்லை. மணிக்கட்டை அசையாதபடி சேர்த்துவைக்கும் ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். இது புதுப் பாதிப்புதானே என்று நம்பி, அதற்கும் வருமான இழப்புக்கும் சேர்த்து இரண்டாவது மனு போட்டோம். மனுவை விசாரணைக்கு ஏற்கலாமா என்று பார்க்கும் கட்டத்திலேயே நின்றுவிட்டது. விசாரித்த நுகர்வோர் கோர்ட் உறுப்பினர் எங்கள் பழைய வழக்குக் கட்டைப் புரட்டி, கோயம்புத்தூர் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியைக் காட்டினார். மூட்டு இறுகலாம், மேற்கொண்டு அறுவை தேவைப்படலாம் என்று 2016-லேயே எழுதியிருந்தது. “இதை நீங்களேதான் ஆவணமா கொடுத்திருக்கீங்க. அப்பவே ஏன் கேக்கல?” அம்மா என்னைப் பார்த்தார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம்தான் ஒரு மூத்த வக்கீல் விளக்கினார். கிடைத்தது போதவில்லை என்றால் வழி மேல்முறையீடுதான், புது வழக்கு அல்ல. அப்போது அதற்கு 30 நாள்தான் இருந்தது. 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் (2019-ஆம் வருடச் சட்டம்) மாவட்ட ஆணையத் (மாவட்ட நுகர்வோர் கோர்ட்) தீர்ப்பின் மேல் மாநில ஆணையத்துக்குப் போக 45 நாள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஏற்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

உங்கள் கேஸ் எப்படி முடிந்தது என்று நீங்கள் எழுதவில்லை. வாய்தாவுக்கு நீங்களோ வக்கீலோ போகாமல் தள்ளுபடி ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, நிறையப் பேருக்கு அப்படித்தான் முடிகிறது. அப்படியானால் உங்கள் நிலைமை எங்களுடையதைவிட நல்லது. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் சீனிவாசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இல் சொன்னது இது: ஆஜராகாததால் தள்ளுபடியான நுகர்வோர் புகார் என்றால், விஷயத்துக்குள் போய்த் தீர்ப்பு வராததால், இரண்டாவது புகாரைப் போடலாம். ஆனால் சம்பவத்திலிருந்து இரண்டு வருடம் என்ற காலக்கெடு இரண்டாவது மனுவுக்கும் உண்டு. தாண்டிவிட்டால் தாமத மன்னிப்பு மனு சேர்த்துப் போட வேண்டும். தாமதம் விஷயத்தில் கோர்ட் எவ்வளவு கறார் என்பதற்கு கோவா நர்ஸ் ஒருவரின் வழக்கைப் பாருங்கள். 1993-இல் செய்த ஆபரேஷனில் வயிற்றுக்குள் விட்ட துணி 2002-இல்தான் தெரிந்தது. நர்ஸாக இருந்தும், இத்தனை வருட வலிக்கு அந்த டாக்டரிடம் போய்க் கேட்கவில்லையே என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

டாக்டரை ஒரு வழக்கில், ஆஸ்பத்திரியை அடுத்த வழக்கில் என்றும் பிரிக்காதீர்கள். இரண்டு பேரையும் ஒரே மனுவில் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும்.

மருத்துவ கவுன்சில் புகார் இதிலிருந்து தனி. நுகர்வோர் கேஸ் முடிந்திருந்தாலும் அங்கே போகலாம். அவர்கள் டாக்டரை எச்சரிக்கலாம், டாக்டர்கள் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம், உங்களுக்குப் பணம் வராது. போலீஸ் புகாரும் தனி. ஆனால் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு சாதாரணக் கவனக்குறைவு போதாது, பெரிய அளவிலான அலட்சியம் இருக்க வேண்டும், வேறொரு டாக்டரின் கருத்தும் வாங்க வேண்டும். அதிலும் ஒரு முறை விசாரித்து விடுதலையோ தண்டனையோ ஆகிவிட்டால், அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது.

இன்னும் கேஸே போடாதவர்கள் இதைப் படித்தால், முதலில் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டை (சிகிச்சைக் குறிப்புகள்) எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ நெறிமுறை விதியே இருக்கிறது. வீட்டில் தைப்பவர், சமைத்துக் கொடுப்பவர் என்றால் சம்பளச் சீட்டு இருக்காது. அளவு நோட்டு, வாடிக்கைக்காரர் வாக்குமூலம், எது இருந்தாலும் சேர்த்து வருமான இழப்பை எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒவ்வொரு வரியையும் டாக்டரிடமே அர்த்தம் கேளுங்கள். அதைத்தான் நான் செய்யவில்லை.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் உத்தரவு நகலில் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ஆஜராகாததால் தள்ளுபடி என்று இருக்கிறதா, இல்லை விசாரித்து எழுதிய தீர்ப்பா? தீர்ப்பு என்றால் உத்தரவில் இருக்கும் தேதியிலிருந்து நாட்களை எண்ணுங்கள். 45 தாண்டவில்லை என்றால் நாளைக்குக் காலையிலேயே வக்கீலைப் பாருங்கள்.