அந்த டிஸ்க்கை அக்கா மகனிடம் கொடுக்காதீர்கள்

ஏற்காட்டு வாசகரின் கடிதம், சுருக்கமாக: பதினோரு வருட லேப்டாப்பில் கட் கட்டென்று சத்தம் வந்ததால் சேலத்தில் ஒரு கடையில் கொடுத்தார். புது எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் சேமிப்பகம்) போட்டு 4,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, பழைய ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு என்று கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவின் கடைசிப் படங்களும் காபித் தோட்டக் கணக்கும் அதில்தான். 10 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

கடைக்காரர் மரியாதை இல்லாமல் பேசினார் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வருத்தம்தான், ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் அது ஒன்றுக்கும் ஆகாது. போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் உங்கள் வழக்கே: "டேட்டா எல்லாம் புதுசுல ஏத்தித் தர்றோம்" என்று கடையிலிருந்து வந்த வாட்ஸ்அப் மெசேஜ். டிஸ்க் ஏற்கெனவே சாகக் கிடந்தது, சத்தம் உங்கள் வீட்டிலேயே கேட்டது, ஆகவே அவர்கள்தான் கெடுத்தார்கள் என்று நிரூபிப்பது கஷ்டம். வேலையை ஏற்றுக்கொண்டு செய்யவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ரசீதின் அடியில் "டேட்டாவுக்குப் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருந்தாலும் அந்த மெசேஜ் அதற்கு எதிராகப் பேசும். அந்த போனை விற்காதீர்கள், மெசேஜை அழிக்காதீர்கள்.

இப்போது நான் உண்மையில் பயப்படும் விஷயம். அக்கா மகன் ஏதோ சாஃப்ட்வேர் போட்டு எடுத்துத் தருகிறேன் என்கிறானாமே, வேண்டாம். சத்தம் போடும் டிஸ்க்கில் பெரும்பாலும் ஹெட், அதாவது டேட்டாவைப் படிக்கும் முனை, போயிருக்கும். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அது டேட்டா பதிந்திருக்கும் தட்டைக் கீறலாம், கீறிய இடத்தில் இருந்தது திரும்பாது. செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சோதனையை ஓடவிடுவது, ஃப்ரீசரில் வைப்பது, இன்னொரு கடையில் மூடியைத் திறந்து பார்ப்பது, எல்லாம் என் கட்சிக்காரர்கள் செய்துவிட்டு வந்ததுதான். டேட்டா போவது ஒரு பக்கம். எதிர்த்தரப்பு வக்கீல், "நாங்கள் திருப்பிக் கொடுத்தபோது டேட்டாவை மீட்கும் நிலையில் இருந்தது, இவர்கள்தான் நோண்டினார்கள்" என்பார். டிஸ்க்கைச் சோதனைக்கு அனுப்பினாலும் யார் கையில் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. கவரோடு ஒட்டி, தேதி போட்டு, சீரியல் எண் தெரிய ஒரு போட்டோ எடுத்து பீரோவில் வையுங்கள்.

தோட்டக் கணக்கையும் பெரிதாக்காதீர்கள். வியாபார நோக்கம் என்று சொல்லி, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று வாதிடுவார்கள். சுயதொழில், பிழைப்புக்காக என்று பதில் இருக்கிறது, ஆனால் அதற்கே இரண்டு வாய்தா போகும், ஒவ்வொன்றுக்கும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும்.

சமரசம் பேசுங்கள். 4,200ஐத் திருப்பித் தரட்டும், சுத்த அறை (டிஸ்க்கைத் திறக்கத் தூசியில்லாத அறை) வசதியுள்ள டேட்டா மீட்பு மையத்தில் ஆகும் செலவில் பாதியை ஏற்கட்டும். ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலே பல கடைகள் இந்த அளவுக்கு இறங்கி வரும். வராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது. சேவைக்கு நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. 10 லட்சத்தை மறந்துவிடுங்கள். பணம் வாங்கும்போது "முழுத் திருப்தி" என்று அவர்கள் நீட்டும் தாளில் மட்டும், மீட்பு மையத்தின் பில் கட்டி முடியும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.