கைகூப்பும் நாட்டிலிருந்து குனிந்து வணங்கும் நாட்டுக்கு: கேள்வி பதில்

பாங்காக்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் நான். தாய்லாந்துப் பயணிகளைக் குழுக்களாக ஜப்பானுக்கு அழைத்துச் செல்வது பதினொரு ஆண்டுகளாக என் தொழில். தாய்லாந்தினருக்கு ஜப்பானில் நேரும் அனுபவங்கள், அங்குள்ள பழக்கவழக்கங்கள் பற்றிக் கேள்விகள் கேட்கலாம் என்று அறிவித்திருந்தேன். விமான டிக்கெட் விலை பற்றி வந்த கேள்விகளை விட்டுவிட்டேன்; அது என் துறை அன்று. யார் எதைக் கேட்டாலும் முதலில் நான் சொல்வது ஒன்றுதான்: பெட்டியில் இறைச்சிப் பொருள் எதுவும் வேண்டாம்.

கேள்வி (சுற்றுலாவியல் மாணவி, சென்னை): தாய்லாந்தினர் ஜப்பானுக்கு இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் போகத் தொடங்கியது எப்போது?

பதில்: 2013 ஜூலையில். தாய்லாந்துக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 15 நாள் வரை விசா இல்லாமல் வரலாம் என்ற விதியை ஜப்பான் அப்போதுதான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2012இல் சுமார் 2,60,000 பேர் போனார்கள். மறு ஆண்டு 4,50,000க்கு மேல். 2019இல் 13 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஏப்ரலில் சொங்க்ரான் புத்தாண்டு விடுமுறையும் ஜப்பானின் வட பகுதிகளில் செர்ரி பூக்கும் காலமும் ஒன்றாக வருகின்றன. அக்டோபரில் பள்ளி விடுமுறை. இந்த இரண்டு மாதங்களிலும் நான் வீட்டில் இருப்பதே இல்லை.

கேள்வி (கணவர் தாய்லாந்துக்காரர், பாங்காக்): அக்கா, இரண்டும் பௌத்த நாடுகள். இரண்டிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறார்கள். குரலை உயர்த்திப் பேசுவது இரண்டிலும் அநாகரிகம். பிறகு ஏன் இத்தனை சங்கடங்கள்?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த அமர்வை நடத்தலாம், தங்கையே. இந்த ஒற்றுமைதான் காலை வாரிவிடுகிறது. நான் பார்த்தவரை, தாய்லாந்துப் பயணிகள் ஜப்பானில் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை மரியாதைக் குறைவால் வருபவை அல்ல. அவர்களுடைய சொந்த மரியாதையிலிருந்தே வருபவை.

கழிப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதால் பயன்படுத்திய தாளைப் பக்கத்தில் உள்ள கூடையில் போடுவார்கள். அடுத்து வருபவர் மேல் உள்ள அக்கறை அது. ஜப்பானில் தாளை உள்ளேயே போட்டுத் தண்ணீர் விட வேண்டும். அங்கேயும் இவர்கள் அக்கறையாகத் தரை ஓரத்தில் குவித்து வைக்கிறார்கள். துப்புரவு செய்யும் அம்மையாருக்கு அது அருவருப்பாகத்தான் தெரியும்.

புன்னகையும் அப்படியே. தாய்லாந்தில் ஒரு பிழை நேர்ந்தால் புன்னகைத்தபடி 'மாய் பென் ராய்', பரவாயில்லை, என்பார்கள். எதிரில் இருப்பவரின் சங்கடத்தைத் தணிக்கும் வழி அது. ஜப்பானில் தவறு செய்தவர் முகத்தில் வருத்தம் தெரிய வேண்டும். சிரித்த முகத்துடன் நின்றால், இவருக்கு இது விளையாட்டாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

'கிரெங் ஜை' என்ற சொல் உங்கள் வீட்டில் தினமும் புழங்கும்: பிறரைத் தொந்தரவு செய்யத் தயங்குவது. ஜப்பானில் 'மெய்வாக்கு', பிறருக்கு இடையூறு, என்பார்கள். ஒன்று போலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. கிரெங் ஜை உள்ளவர் தமக்குத் தெரிந்தவரின், பெரியவரின் மனம் நோகக் கூடாது என்று பார்ப்பார். அதனால், முன்பதிவு செய்த உணவகத்துக்குப் போக முடியாவிட்டால், 'வரவில்லை' என்று சொல்லவே தயங்கிப் பேசாமல் இருந்துவிடுவார். மெய்வாக்குக்கு அஞ்சுபவர் முகம் தெரியாத சமையல்காரர் பத்துப் பேருக்கு மீன் வாங்கி வைத்துக் காத்திருப்பதை நினைப்பார். என் குழுவில் இதை ஒரு முறை விளக்கிய பிறகு யாரும் அப்படிச் செய்ததில்லை.

கேள்வி (பகுதிநேரமாக உணவகத்தில் வேலை பார்க்கும் மாணவர், ஒசாகா): ஆறு பேர் வந்து உட்கார்ந்து மூன்று கிண்ணம் ராமென், அதாவது சாறோடு வரும் நூடுல்ஸ், கேட்கிறார்கள். சுவைத்துப் பார்ப்பதற்கு முன்பே பையிலிருந்து மிளகாய்த் தூளை எடுத்துக் கொட்டுகிறார்கள். முதலாளியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பதில்: உங்கள் முதலாளியின் வருத்தம் நியாயம். ஆனாலும் அவர்கள் தரப்பையும் கேளுங்கள். தாய்லாந்தில் சோறு மட்டும்தான் அவரவர் தட்டில். குழம்பும் பொரியலும் மேசை நடுவில் இருக்கும். பொதுக் கரண்டியால் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். தனக்கென்று ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு தனியே சாப்பிடுவது பாவமாகத் தோன்றும். நூடுல்ஸ் கடையிலோ மீன் சாறு, சர்க்கரை, மிளகாய்த் தூள், மிளகாய் ஊறிய காடி ஆகிய நான்கும் மேசையிலேயே இருக்கும். சாப்பிடுபவர் தானே சுவையைச் சேர்த்து முடிப்பதுதான் அங்கே வழக்கம். சமைத்தவரை அது அவமதிப்பதாகாது.

பத்து இருக்கைகள் உள்ள ராமென் கடையில் இருக்கைக்கு ஒரு கிண்ணம் என்பதுதான் வருமானம். விடிய விடியக் கொதிக்க வைத்த சாற்றை அதன் சுவையிலேயே ஒரு வாய் குடித்துப் பார்ப்பதுதான் அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதை. நான் என் குழுவிடம் சொல்வது: ஆளுக்கு ஒன்று வாங்குங்கள், அதிகம் சாப்பிட முடியாது என்றால் நூடுல்ஸைக் குறைத்துப் போடச் சொல்லி 'சுக்குனமே' என்று கேளுங்கள். பகிர்ந்து சாப்பிடும் ஆசையை இசக்காயா எனும் ஜப்பானிய மதுக்கடை உணவகத்தில் தீர்த்துக்கொள்ளலாம். அங்கே தட்டுகள் நடுவில்தான் வரும். கேட்காமலே வரும் சிறு கிண்ணம் 'ஓதோஷி'; பல இடங்களில் அதற்கும் பணம் உண்டு. ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

கேள்வி (பினாங்கு): மின்படிக்கட்டில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

பதில்: டோக்கியோவில் இடப்பக்கம், ஒசாகாவில் வலப்பக்கம் என்பது பழக்கம். ஆனால் நடக்காமல் நின்றே செல்லுங்கள் என்று சைத்தாமாவில் 2021இலும் நகோயாவில் 2023இலும் விதியே வந்துவிட்டது. முன்னால் நிற்பவரைப் பார்த்து நில்லுங்கள்.

கேள்வி (இல்லத்தரசி, பாங்காக்): மகன் ஃபுக்குவோக்காவில் படிக்கிறான். 'மூ யோங்', அதுதான் பன்றி இறைச்சிப் பூந்துருவல், கொஞ்சம் எடுத்துப் போகலாமா? சமைத்ததுதானே?

பதில்: வேண்டாம் அம்மா. சமைத்ததும் கூடாது. புளிக்க வைத்த பன்றி இறைச்சியான 'நேம்', வட தாய்லாந்தின் தொத்திறைச்சியான 'சாய் உவா' எதுவும் கூடாது. மோப்ப நாய்கள் விமான நிலையத்திலேயே நிற்கின்றன. 3 ஆண்டு வரை சிறை அல்லது 30 லட்சம் யென் வரை அபராதம் என்கிறது சட்டம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தாய்லாந்தில் 2022 ஜனவரியில் உறுதியானது. ஜப்பான் அதை உள்ளே விடாமல் காத்து நிற்கிறது. ஒரு பொட்டலத்தால் ஒரு பண்ணையே அழியலாம்.

கேள்வி (நாகர்கோவில்): தாய்லாந்து பௌத்தர்கள் ஜப்பானியக் கோயில்களில் எப்படி வழிபடுகிறார்கள்?

பதில்: ஜப்பானின் சொந்த மரபான ஷிந்தோவின் ஆலயத்தில் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிவார்கள். பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது. இதை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். துறவிகள் விஷயம் அப்படி அல்ல.

தாய்லாந்தில் பெண்கள் துறவியைத் தொடக் கூடாது. கையிலிருந்து கைக்கு எதையும் தரவும் கூடாது. துறவி ஒரு துணியை விரிப்பார், அதன் மேல் வைக்க வேண்டும். ஜப்பானில் 1872 முதல் துறவிகள் மணம் செய்துகொள்ள அரசு தடை நீக்கிவிட்டது. பலருக்குக் குடும்பம் உண்டு. என் குழுவில் வந்த ஓர் ஆசிரியைக்கு, கோயில் முத்திரையிட்டு எழுதிய ஏட்டைத் துறவி நேராகக் கையில் நீட்டினார். அவர் பதறிப் பின்வாங்கிவிட்டார். துறவி தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் மதித்ததால் வந்த குழப்பம் அது. நான் ஏட்டை வாங்கி மேசையில் வைத்தேன். அவர் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்.

நேரம் இருந்தால் நகோயாவின் நித்தாய்ஜி கோயிலுக்குப் போகச் சொல்லுங்கள். பெயரிலேயே ஜப்பானும் தாய்லாந்தும் இருக்கின்றன. 1898இல் இந்தியாவில் பிப்ரஹ்வாவில் தோண்டியெடுத்த புத்தரின் அஸ்தியை பிரிட்டிஷ் அரசு சியாம் (அன்றைய தாய்லாந்து) மன்னர் சுலாலங்கோர்னுக்கு அளித்தது. அதில் ஒரு பகுதியை அவர் 1900இல் ஜப்பானுக்குக் கொடுத்தார். அதற்காக 1904இல் எழுந்த கோயில் இது. எந்த ஒரு பிரிவுக்கும் சொந்தமில்லை; 19 பிரிவுகள் முறை வைத்துத் தலைமை ஏற்கின்றன. அங்கே தங்கள் மன்னரின் சிலையைக் கண்டதும் என் பயணிகள் தரையில் அமர்ந்து வணங்குவார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

கேள்வி (உடற்பயிற்சி ஆசிரியர், பாங்காக்): என் இடத் தோளில் ஐந்து வரி 'சக் யன்' யந்திரம் பச்சை குத்தியிருக்கிறேன். ஒன்சென் வெந்நீர்க் குளியலுக்கு விடுவார்களா?

பதில்: இடத்தைப் பொறுத்தது. 2015இல் ஜப்பான் சுற்றுலா முகமை விடுதிகளிடம் கேட்டபோது சுமார் 56 சதவீதம் பச்சை குத்தியவர்களை விடுவதில்லை என்றன. 31 சதவீதம் விட்டன. 13 சதவீதம் மறைத்தால் விடுவோம் என்றன. கினோசாக்கியின் ஏழு பொதுக் குளியலகங்களிலும், மத்சுயாமாவின் தோகோ ஒன்செனிலும் தடை இல்லை.

அதே வாசகர்: இது ஓர் ஆசானிடம் விரதம் ஏற்று, மந்திரம் ஓதிப் பெற்றது. பச்சை குத்திக்கொள்ளும் ஜப்பானியக் குண்டர் கும்பல்களின் அடையாளத்தோடு இதைச் சேர்ப்பது அவமானம். ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கவும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

டோக்கியோவில் பணிபுரியும் பொறியாளர்: விருந்தாளி வீட்டுக்காரரின் வழக்கத்துக்குக் கட்டுப்பட வேண்டும். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

மதுரை வாசகி: என் பாட்டியின் கை முழுக்கப் பச்சை குத்தியிருக்கும். அவரையும் வாசலில் நிறுத்துவார்களா?

பதில்: மூவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பொறியாளர் ஐயா, விவாதிக்க நிறையவே இருக்கிறது. ஜப்பானின் வழக்கம் என்று நீங்கள் சொல்வது ஜப்பான் முழுவதன் வழக்கமும் அல்ல. தென்கோடித் தீவுகளான ஒகினாவாவின் பெண்கள் கைகளில் 'ஹாஜிச்சி' எனும் பச்சை குத்திக்கொண்டார்கள். 1899இல் அரசு அதைத் தடை செய்தது. வட ஜப்பானின் பழங்குடியான ஐனு பெண்கள் உதட்டைச் சுற்றிக் குத்திக்கொண்டார்கள். 1872 முதல் 1948 வரை பச்சை குத்துவதே குற்றமாக இருந்தது. 2013இல் ஹொக்கைதோவில், ஐனு மக்களைச் சந்திக்க வந்த நியூசிலாந்துப் பழங்குடியான மாவோரி மூதாட்டி ஒருவரை, முகத்தில் இருந்த மரபுக் குறிக்காகக் குளியலகம் திருப்பி அனுப்பியது. அதன் பிறகுதான் ஜப்பானுக்குள்ளேயே பெரிய விவாதம் எழுந்தது. மதுரைப் பாட்டியையும் சில இடங்களில் நிறுத்தத்தான் செய்வார்கள்.

யந்திரம் உடையவருக்கு: உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. என் குழுவில் ஒரு பெரியவர் இருந்தார். முதுகு முழுவதும் கெமர் எழுத்தில் பாலி மந்திரம். மலையூர் விடுதி ஒன்றில் அவரை நிறுத்திவிட்டார்கள். அவர் தாய்லாந்து வழக்கப்படி புன்னகைத்தார். வரவேற்பில் இருந்த இளைஞர் அதை ஏளனம் என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினார். நான் ஓடிப்போய் இரண்டு பக்கமும் விளக்கினேன். கடைசியில் அந்த இளைஞரே, அறையோடு இணைந்த தனிக் குளியலை ஒரு மணி நேரம் அவருக்குத் திறந்துவிட்டார். அந்த வாசலில் நிற்பவருக்கு உங்கள் ஆசானைத் தெரியாது. மற்ற குளியல்காரர்கள் அஞ்சி எழுந்து போய்விடுவார்களோ என்பதுதான் அவர் கவலை. மறைக்க விருப்பம் இல்லை என்றால் மறைக்க வேண்டாம். தனிக் குளியல் உள்ள விடுதியை முன்பே கேட்டுப் பதிவு செய்யுங்கள். கேட்பதில் அவமானம் இல்லை. வாசலில் போய் நின்று திரும்புவதில்தான் இருக்கிறது.

பொறியாளர்: அப்படியானால் விதியே தவறு என்கிறீர்களா?

பதில்: ஒரு பாட்டியையும் ஒரு குண்டரையும் பிரித்தறியாத விதி தவறுதான். அது மாறும் வரை என் பயணிகள் அவமானப்படாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இது பற்றி இன்னும் பதினான்கு மறுமொழிகள் வந்திருக்கின்றன. மற்றவர்கள் காத்திருப்பதால் இங்கே நிறுத்துகிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): மின்படிக்கட்டில் எந்தப் பக்கம்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (சியாங் மாய்): தொழிற்சாலையிலேயே காற்றுப் புகாமல் அடைத்த சாய் உவா என்றால்?

பதில்: கூடாது. அடைத்ததும் கூடாது, பரிசாகவும் கூடாது, ஒரே ஒரு துண்டும் கூடாது. கஞ்சா சேர்த்த மிட்டாய் பற்றிக் கேட்ட இன்னொருவருக்கும் இதுவே பதில். தாய்லாந்தில் 2022இல் கஞ்சா மீதான தடை நீங்கியது என்று ஜப்பானியக் காவல்துறையிடம் சொல்லிப் பயனில்லை.

கேள்வி (ஈரோடு): ஹொக்கைதோவில் பனிச்சறுக்குக்கு எந்த இடம் நல்லது?

பதில்: நான் சறுக்கியதில்லை. அங்கே பயிற்சி தருபவர்களைக் கேளுங்கள்.

கேள்வி (மருமகள், பாங்காக்): மாமியாருக்கு 72 வயது. முழங்கால் வலி. தத்தாமி எனும் பாய் விரித்த அறையில் மண்டியிட்டு உட்கார முடியாது. கால் நீட்டினால் தவறாகுமா? யாரைப் பார்த்தாலும் கைகூப்பிவிடுவார். அது வேறு எனக்குக் கவலை.

பதில்: தாய்லாந்தில் கோயிலில் 'பப் பீயப்', கால்களை ஒருபுறமாக மடித்து, உட்காருவார் அல்லவா? அதே இருக்கை அங்கேயும் பெண்களிடம் உண்டு. யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அதுவும் முடியாவிட்டால் தாழ்வான நாற்காலி கேளுங்கள், பெரும்பாலான விடுதிகளில் வைத்திருப்பார்கள். தத்தாமி மேல் செருப்பு மட்டும் வேண்டாம், கழிப்பறைச் செருப்போடு வெளியே வந்துவிடவும் வேண்டாம். யுக்காத்தா எனும் பருத்தி அங்கியை உடுத்தும்போது இடப்பக்கத் துணி மேலே வரட்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு.

கைகூப்புவதைத் தடுக்காதீர்கள். சென்ற ஏப்ரலில் ஒரு விடுதி வாசலில் இப்படித்தான் ஒரு பாட்டி கைகூப்பினார். எதிரில் நின்ற உரிமையாளர் அம்மையார் ஆழக் குனிந்தார். பாட்டி மறுபடி கைகூப்பினார், அவர் மறுபடி குனிந்தார். பஸ் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.